கேட்டுக்கு வெளியே விரியன்

ஒரகடத்தில் வேலை பார்ப்பவர் யாரும் கரடிக்குப் பயப்பட வேண்டியதில்லை. பக்கத்தில் கரடி என்றால் வண்டலூர் உயிரியல் பூங்காவில்தான்; அதுவும் அகழிக்கு அந்தப் பக்கம், அதுபாட்டுக்குக் கிடக்கும். கரடிக் கவலை நீலகிரிக்காரர்களுக்கு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இரவில் கரடி இறங்கி வந்து கோயில் விளக்கு எண்ணெயைக் குடித்தது, கடைக் கதவை உடைத்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. தேயிலைத் தோட்டமும் குடியிருப்பும் காட்டை ஒட்டி இருக்கின்றன, எண்ணெயும் தின்பண்டமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. கரடி வராமல் என்ன செய்யும்?

அதே கணக்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பட்டைக்கும் பொருந்தும். இங்கே வருவது பாம்பு. அதை அழைத்து வருவது எலி. எலியை அழைத்து வருவது நாம்.

இந்த மண் ஏரியும் வயலும் முள்காடுமாக இருந்த மண். காஞ்சிபுரம் பக்கத்துக்கே உரிய ஏரிப் பாசனம், நெல், வரப்பு, வரப்பில் எலிவளை. அந்த நிலத்தில்தான் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் எழுந்தன. கார், டயர், மோட்டார் சைக்கிள், கைப்பேசி எல்லாம் இங்கே தயாராகின்றன. ஆனால் நிலம் முழுக்கக் கான்கிரீட் ஆகிவிடவில்லை. இரண்டு கம்பெனிக்கு நடுவில் இன்னும் விற்காத மனை, அதில் சீமைக்கருவேலம். பின்புறம் மழைநீர்க் கால்வாய், அதில் கோரை. அதைத் தாண்டினால் இன்றைக்கும் நடவு நடக்கிற வயல். பாம்புக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? ஆதிசேஷனே ராமானுசராகப் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்று வைணவர்கள் சொல்வார்கள். அரவத்துக்கு இந்த ஊரில் அவ்வளவு பழைய உரிமை.

தொழிற்சாலைக்குள் ஆபத்து குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே வெளிச்சம் இருக்கிறது, சிமென்ட் தரை இருக்கிறது, தொழிலாளியின் காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ இருக்கிறது. விதிவிலக்கு சில உண்டு. மாதக்கணக்கில் நகர்த்தாத மரப் பேலட் அடுக்கு, கேபிள் போகும் பள்ளம், டிரான்ஸ்ஃபார்மர் அறை, ஸ்கிராப் குவியல். லோடிங் ஆள் பேலட்டைத் தூக்க அடியில் விரலைவிட்டுத் துழாவும் அந்த ஒரு நொடியில் கையுறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கொக்கியோ கம்பியோ விட்டு முதலில் ஒரு முறை அசைத்துவிட்டுத் தூக்கினால் போதும். மற்றபடி உள்ளே பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார். கேட்டருகே ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பலகையும் இருக்கிறது.

சிக்கல் கேட்டுக்கு வெளியே. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து அறைக்குப் போக முள்வேலி ஓரமாக ஒற்றையடிப் பாதை. காலில் ஹவாய்ச் செருப்பு, ஷூ லாக்கரில். கையில் போன், அதன் வெளிச்சம் முகத்தில். அறை என்பது ஹாலோ பிளாக் சுவரும் சிமென்ட் ஷீட்டும் வைத்த ஷெட். கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மூலையில் பாத்திரத்தில் மீந்த சோறு. வெளியே செங்கல் அடுக்கு. தரையில் பாய் விரித்து ஆறேழு பேர். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு அரசு கட்டிய அடுக்குமாடி விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் கட்டடம் எழுப்ப வந்த ஒடியாக்காரருக்கும் ஜார்க்கண்டுக்காரருக்கும் பெரும்பாலும் ஷெட்தான்.

இந்தியாவில் பாம்புக்கடியால் இறப்பவர்களைப் பற்றி 2020-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலான சாவுகள் கிராமப்புறத்தில், வீட்டிலேயே நிகழ்ந்தவை. மருத்துவமனைக் கட்டிலில் நிகழ்ந்தவை குறைவு. மருந்து இல்லாமல் போனதைவிட மருந்து இருக்கும் இடத்துக்கு ஆள் போய்ச் சேராமல் போனதே இதில் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் போய்ச் சேரவில்லை? கட்டுவிரியனைத் தெரிந்துகொண்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டில் உயிர் பறிக்கும் கடிகளில் பெரும்பகுதிக்குக் காரணம் நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மற்ற மூன்றும் ஏதோ ஒரு வகையில் நம்மை எச்சரிக்கும். நல்ல பாம்பு படம் எடுக்கும். கண்ணாடி விரியன் குக்கர் விசில் போலச் சீறும். சுருட்டை விரியன் உடலைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசி ஓசை எழுப்பும். கட்டுவிரியன் எதுவும் செய்யாது. பகலில் செங்கல் இடுக்கிலும் எலிவளையிலும் கிடக்கும். இருட்டிய பிறகு சிறு பாம்பு, பல்லி, எலி தேடிக் கிளம்பும். ஷெட்டுக்குள் வந்து பாயில் படுத்திருப்பவரின் கை மேலே பட்டால் கடிக்கும். பல் சின்னது. வலி எறும்பு கடித்த அளவுக்குக்கூட இருக்காது. பல் பட்ட தடம் பல சமயம் கண்ணுக்கே தெரியாது. கடிபட்டவர் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவார்.

விடியற்காலையில் வயிற்றைப் பிசையும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா குடிப்பார். இமை கனக்கும், தூக்கம் போதவில்லை என்பார்கள். பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. இதற்குள் நான்கைந்து மணி நேரம் போயிருக்கும். உள்ளே நடப்பது இதுதான்: கட்டுவிரியனின் நஞ்சில் உள்ள ஒரு புரதம் நரம்பின் நுனிக்குள் புகுந்து, தசைக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள் அடங்கிய நுண்பைகளை அழித்துவிடுகிறது. நரம்புநுனி அழிந்த பிறகு எவ்வளவு நஞ்சுமுறிவு மருந்து ஏற்றினாலும் அது திரும்ப முளைக்க நாளாகும். முதலில் தளர்வது இமைத்தசை, கடைசியில் மூச்சுத்தசை. நோயாளி உள்ளுக்குள் விழிப்போடுதான் இருப்பார். கண்ணைத் திறக்க முடியாது. பார்க்கிறவர்கள் மயக்கம் என்று நினைப்பார்கள், சிலர் முடிந்துவிட்டது என்றே நினைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வென்டிலேட்டர் மூச்சைப் பார்த்துக்கொண்டால் சில நாட்களில் நரம்புநுனி மீண்டு ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நல்ல பாம்பின் நஞ்சு வேறு விதம். அது நரம்புக்கு வெளியே, தசையின் பக்கம் உள்ள ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. மருந்து கொடுத்தால் ஓரளவு சீக்கிரமே விலகும்.

அதனால் தரையில் படுத்தவர் காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலியும் இமைச் சரிவுமாக எழுந்தால், காயம் இருக்கிறதோ இல்லையோ, பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளப்ப வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

கண்ணாடி விரியன் கடித்தால் சந்தேகமே எழாது. உடனே உயிர்போகிற மாதிரி வலிக்கும். கால் வீங்கும். ஈறில் ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும். ஆங்கிலத்தில் இந்தப் பாம்புக்குப் பேட்ரிக் ரஸ்ஸல் என்பவரின் பெயர். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். சோழமண்டலக் கரையோரம் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-ல் புத்தகம் வெளியிட்டவர். நெல்வயலும் எலியும் இருக்கும் இடமெல்லாம் இது உண்டு. முட்டையிடாது, குட்டி போடும், ஒரு ஈற்றில் இருபது முப்பது. கோடையின் கடைசியிலும் அதற்கடுத்த மாதங்களிலும் விரல்கனக் குட்டிகள் புல்லில் திரியும். பிறந்த நாளிலிருந்தே நஞ்சு உண்டு.

இதன் நஞ்சு செய்யும் வேலை விசித்திரமானது. ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளில் இரண்டை அது தூண்டிவிடுகிறது. உடல் முழுக்க அங்கங்கே நுண்ணிய உறைவுகள் உண்டாகி, உறைவதற்கான சரக்கு மொத்தமும் செலவழிந்துபோகிறது. அதற்குப் பிறகு ரத்தம் உறையாது. சிறுநீரகம் அடிபடும். ரத்தத்தை உறைய வைக்கும் அதே குணத்தைக் கொண்டு 1930-களில் லண்டன் மருத்துவர் மெக்ஃபார்லேன் ஹீமோஃபீலியா நோயாளிகளின் ரத்தப்போக்கை நிறுத்தினார். நுண்ணளவு நஞ்சை நீர்க்கக் கரைத்துக் காயத்தில் வைத்தார். இன்றும் சில ரத்த நோய்களைக் கண்டறியும் சோதனையில் இந்த நஞ்சு பயன்படுகிறது.

கடித்தது கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ என்று அறிய அரசு மருத்துவமனையில் செய்யும் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளியின் ரத்தம் 2 மில்லி, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் மேசைமேல் வைப்பார்கள். பிறகு ஒரு முறை சாய்ப்பார்கள். உறைந்து நின்றால் அப்போதைக்குச் சரி, மறுபடி பார்க்கலாம். தண்ணீராய் வழிந்தால் மருந்து தொடங்கியாக வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. கண்ணாடிதான் உறைதலைத் தொடங்கி வைக்கும். சோப்பு மிச்சமிருந்தாலும் முடிவு தப்பாகும். அந்த 20 நிமிடம் “ஏன் சும்மா வச்சிருக்காங்க” என்று கூட வந்தவர்கள் கத்துவதுண்டு. கத்தாதீர்கள்.

நஞ்சுமுறிவு மருந்துக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் தடைபட்ட பிறகு பிழைப்பு இழந்த இருளர்களோடு பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் சேர்ந்து உருவாக்கியது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து வயல்களில் இருளர்கள் கடப்பாரையோடு போய், வரப்பில் பதிந்த தடத்தைப் பார்த்தே எந்த வளையில் என்ன பாம்பு என்று சொல்லி, உயிரோடு பிடித்து வருவார்கள். மண்பானையில் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். சில வாரம் வைத்திருந்து நஞ்சு எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விடுவார்கள். இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறிவு மருந்தில் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் இங்கிருந்தே போகிறது. அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்ததுதான் மருந்து. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் அங்கு பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

மருந்துக்கான நஞ்சு இங்கிருந்தே போவதில் ஒரு நன்மை இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட ஊருக்கு ஊர் மாறும். இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் செய்த ஆய்வுகள், நாட்டின் பிற பகுதிப் பாம்புகள் சிலவற்றுக்கு இந்த மருந்து போதிய அளவு வேலை செய்யவில்லை என்று காட்டின. ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ கடிபட்டவருக்குள்ள அந்தக் கவலை ஒரகடத்தில் கடிபட்டவருக்குக் குறைவு. மருந்தே இந்த வட்டாரத்துப் பாம்பின் நஞ்சிலிருந்து வந்தது.

அளவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் நஞ்சு ஏற்றும் என்பது சிகிச்சை நெறிமுறையின் கணக்கு. மருந்தின் ஒரு மில்லி 0.6 மில்லிகிராமை முறிக்கும். 10 மில்லி குப்பிகள் பத்து வைத்தால் 60 மில்லிகிராம். அதனால்தான் தொடக்கத்திலேயே எட்டிலிருந்து பத்துக் குப்பி. குழந்தைக்கும் இதே அளவுதான். ஆள் சின்னது என்று பாம்பு நஞ்சைக் குறைத்துக் கொடுப்பதில்லை. “சின்னப் பையனுக்கு இவ்ளோ மருந்தா” என்று தகப்பன் பதறினால் இதைச் சொல்லலாம். மருந்து குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம். அதைச் சமாளிக்கும் வசதியுள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்வரை செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது அதிகம். கயிறு கட்டாதீர்கள்: ரத்த ஓட்டம் நின்று கால் கெடும், அவிழ்த்த நொடியில் தேங்கிய நஞ்சு மொத்தமாக ஏறும். பிளேடால் கீறாதீர்கள்; கடித்தது கண்ணாடி விரியனாக இருந்தால் அந்தக் கீறலிலிருந்தே ரத்தம் நிற்காது. வாயால் உறிஞ்சுவது சினிமாவில் மட்டும் நடக்கும். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, இறுக்கமான ஷூவைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோலக் கட்டை வைத்துக் காலை அசையாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போவதால் பயனில்லை. அடிக்கப் போன இரண்டாவது ஆளையும் அது கடிக்கும். தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் என்ன செய்வது? நேபாளத்தின் தராய் பகுதியில் இதற்கு வழி கண்டார்கள். ஊர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளோடு முறைவைத்துக் காத்திருந்தார்கள். கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, சிகிச்சை மையத்துக்கு விரைந்தார்கள். கூடவே ஊருக்குள் விழிப்புணர்வும் கொடுத்தார்கள். கடிபட்டவர்களில் இறப்போர் விகிதம் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறங்கியது என்று 2013-ல் வெளியான அறிக்கை சொல்கிறது. புல்லட் தயாராகும் ஒரகடத்தில் பைக்குக்கா பஞ்சம்? எந்த மருத்துவமனை என்பதைத்தான் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அருகில் மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது, வென்டிலேட்டருக்குக் காஞ்சிபுரமா செங்கல்பட்டா சென்னையா என்று மேஸ்திரியும் ஹாஸ்டல் வார்டனும் ஒரு பகலில் விசாரித்துச் சுவரில் எழுதி வைக்க எத்தனை நேரம் ஆகும்? எழுதும்போது இந்தியிலும் ஒடியாவிலும் எழுத வேண்டும். தமிழ் நோட்டீஸை யார் படிப்பது?

தடுப்பு இன்னும் எளிது. அதே நேபாளத்தில் 2007-ல் வெளியான வேறோர் ஆய்வு, கொசுவலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று கண்டது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினால் கட்டுவிரியன் உள்ளே வராது. கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. கதவடியில் ஒரு ரப்பர் பட்டை. செங்கலையும் விறகையும் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவது. சோற்றையும் குப்பையையும் மூடி வைப்பது. எலி வராவிட்டால் பாம்புக்கு அங்கே வேலை இல்லை. இரவில் டார்ச்சைப் பாதையில் அடிப்பது, ஷூவை உதறிவிட்டுப் போடுவது. வடகிழக்குப் பருவமழையில் வளையெல்லாம் தண்ணீர் புகுந்து ஐப்பசி, கார்த்திகையில் பாம்பு மேட்டுக்கு ஏறும். ஷெட்டும் பைக் ஸ்டாண்டும்தான் மேடு. பூண்டுத் தண்ணீர், பினாயில், கடையில் விற்கும் பாம்பு விரட்டி இவற்றுக்கெல்லாம் காசு செலவழிக்காதீர்கள். பாம்பு அதன் மேலேயே ஊர்ந்து போகும்.

சாரையையும் தண்ணீர்ப் பாம்பையும் அடிக்காதீர்கள். குடோனில் சாரை இருந்தால் எலிக்குச் சம்பளமில்லாமல் ஆள் போட்ட மாதிரி. வெள்ளிக்கோல் வரையன் என்ற அப்பாவியைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடிப்பவர்களும், கட்டுவிரியனை வரையன் என்று நினைத்துக் கையில் எடுப்பவர்களும் உண்டு. இனம் பிரிக்கும் வேலை நமக்கு வேண்டாம். தள்ளி நின்று, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் கொல்வது 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சாவை 2030-க்குள் பாதியாக்கும் செயல்திட்டத்தை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனையும் இனி ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனிகளின் பலகையில் மட்டும் இன்னும் இதற்கு இடம் இல்லை. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தையும், வேலையோடு உள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலை விபத்தாகவே கருத வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே திருத்தம் வந்துவிட்டது. சட்டம் கேட்டைத் தாண்டிப் பாதைவரை வந்திருக்கிறது. சேஃப்டி அதிகாரி இன்னும் கேட்டிலேயே நிற்கிறார்.

ஆகவே கான்ட்ராக்டர்களுக்கும் ஹெச்.ஆர். அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஷெட்டுகளில் எத்தனை பேர் தரையில் படுக்கிறார்கள் என்று இன்றிரவு போய் எண்ணுங்கள். மழை தொடங்குவதற்குள் அத்தனை கட்டிலும் அத்தனை கொசுவலையும் வாங்கிப் போடுங்கள்.